சர்வீஸ் டிசைன் முடிந்தது, ஸ்பிரிண்ட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: சேவை எப்படி நடக்கவேண்டும் என்று திட்டமிடும் சர்வீஸ் டிசைன் குழு ஒரு ஜர்னி மேப் (வாடிக்கையாளர் கடக்கும் படிகளின் படம்), ஒரு சர்வீஸ் புளூபிரிண்ட் (அந்தப் படிகளோடு, பின்னால் யார், எது வேலை செய்கிறது என்பதையும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாகக் காட்டும் படம்), கொஞ்சம் திரை வரைவுகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. டெவலப்மென்ட் அணி ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுகளில் ஓடுகிறது. புளூபிரிண்ட்டில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் ஒரு எபிக் (பெரிய வேலைத் தொகுப்பு) ஆக்கி, டிக்கெட்டுகளாக உடைத்து வேலையைத் தொடங்கிவிடலாமா?

தொடங்கலாம். நான்காவது, ஐந்தாவது ஸ்பிரிண்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள். பெட்டி என்பது ஒருவர் செய்யும் ஒரு வேலை, அதைத் திரையாகவோ ஏபிஐ (சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) ஆகவோ எழுத எந்த அணிக்கும் தெரியும். சேவை உடைவது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் அம்புக்குறியில். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொரு சிஸ்டத்துக்கு வேலை மாறும் இடம் அது. பெட்டிகளை வைத்து பேக்லாக் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) போட்டால் அந்த இடம் யாருடைய டிக்கெட்டிலும் வராது. எல்லா டிக்கெட்டும் முடிந்து, மொத்தத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் நாளில்தான் தலைகாட்டும்.

புளூபிரிண்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். வழக்கமான வடிவத்தில் ஐந்து வரிசைகள் இருக்கும்: வாடிக்கையாளர் கண்ணில் படும் பொருள்கள், வாடிக்கையாளர் செய்வது, ஊழியர் அவர் முன்னால் செய்வது, அவருக்குத் தெரியாமல் பின்னால் செய்வது, இவற்றைத் தாங்கும் சிஸ்டங்கள். முன்னால் நடப்பதையும் பின்னால் நடப்பதையும் பார்வைக் கோடு பிரிக்கும். இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் லின் ஷோஸ்டாக். 1984-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய கட்டுரையில், காலணிக்கு பாலிஷ் போடும் ஒரு சின்னத் தொழிலை உதாரணமாக வரைந்து காட்டினார். அந்தப் படத்தில் ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரம் இருந்தது. மொத்த வேலைக்கு 2 நிமிடம், வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ளும் உச்ச வரம்பு 5 நிமிடம். தவறு நேரக்கூடிய இடமும் குறிக்கப்பட்டிருந்தது: தவறான நிற மெழுகைப் பூசிவிடுவது. இன்று கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் இந்த இரண்டு விஷயங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. மிஞ்சுவது எல்லாம் சரியாக நடக்கும் ஒரே ஒரு வழி. டெவலப்பருக்கு வேண்டியதோ சரியாக நடக்காத மற்ற வழிகள்.

ஆகவே முதல் வேலை டிக்கெட் எழுதுவது கிடையாது. அம்புக்குறிகளுக்கு எண் போடுவது. அ-1, அ-2 என்று இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டே போங்கள். நடுத்தர அளவுச் சேவை ஒன்றில் 20, 30 வரும். பிறகு ஒவ்வொன்றிடமும் ஒரே மாதிரி கேள்விகளைக் கேளுங்கள். இங்கே எந்தத் தகவல் கைமாறுகிறது? அதைக் கிளப்பிவிடுவது யார், ஒரு ஆளா, ஒரு நிகழ்வா, கடிகாரமா? மறுபக்கம் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? வரவே இல்லை என்றால்? இரண்டு முறை வந்தால்? முன்னால் வரவேண்டியது பின்னால் வந்தால்? இது நடந்ததும் நடக்காததும் வேறு யாருக்குத் தெரியவேண்டும்?

கிட்டே போய் ஒன்றைப் பார்க்கலாம். பழுதான லேப்டாப்பை வீட்டிலிருந்து எடுத்துப்போய், பழுதுபார்த்து, திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும் சேவை என்று வையுங்கள். புளூபிரிண்ட்டில் ‘டெக்னீஷியன் எஸ்டிமேட் அனுப்புகிறார்’ என்று ஒரு பெட்டி, ‘வாடிக்கையாளர் சம்மதிக்கிறார்’ என்று ஒரு பெட்டி, நடுவில் ஓர் அம்புக்குறி. பார்க்க அப்பாவியாக இருக்கும். இப்போது கேளுங்கள்.

வாடிக்கையாளர் பதிலே சொல்லவில்லை. 24 மணி நேரத்தில் ஒரு நினைவூட்டல், 48 மணி நேரத்தில் எஸ்டிமேட் காலாவதி என்று வைத்தால், காலாவதி ஆனதும் லேப்டாப் எங்கே போகிறது? அலமாரியிலா, திரும்பி வீட்டுக்கா? திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? 49-ஆவது மணி நேரத்தில் அவர் பழைய மெசேஜைத் திறந்து சம்மதம் என்று அழுத்தினால் என்ன காட்டுவது? டெக்னீஷியன் மூடியைக் கழற்றிய பிறகு இன்னொரு பழுதும் தெரிந்து, தொகையைத் திருத்தினால், முதல் தொகைக்குக் கிடைத்த சம்மதம் செல்லுமா? திரையை மாற்றுங்கள், பேட்டரி வேண்டாம் என்று பாதிச் சம்மதம் சொன்னால்? நெட் மந்தமாக இருந்து பொத்தானை இரண்டு முறை தட்டினால்?

ஒரே அம்புக்குறியிலிருந்து அனுப்பப்பட்டது, திருத்தப்பட்டது, முழுச் சம்மதம், பாதிச் சம்மதம், மறுப்பு, காலாவதி என ஆறு நிலைகள் வந்துவிட்டன. இந்தப் பதில்கள் எல்லாம் தொழில் முடிவுகள், சேவைக்குப் பொறுப்பானவர் எடுக்க வேண்டியவை. அவர் எடுக்காவிட்டால் முடிவு எடுக்கப்படாமல் இருக்காது. ஸ்பிரிண்ட் நடுவில், வெள்ளிக்கிழமை மாலை, யாரோ ஒரு டெவலப்பர் கோடில் ஓர் இஃப் கண்டிஷன் (இப்படியானால் இதைச் செய் என்ற வரி) எழுதி அந்த முடிவை எடுத்துவிடுவார். அது எங்கேயும் பதிவாகாது, ஆறு மாதம் கழித்து கஸ்டமர் கேர் ஊழியர்தான் கண்டுபிடிப்பார்.

இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் தீர்க்க முயலாதீர்கள். டிசைனர், ஒரு டெவலப்பர், ஒரு டெஸ்டர், பிராடக்ட் ஓனர் (எதை முதலில் கட்டுவது என்று முடிவெடுப்பவர்), அந்த வேலையை நிஜமாகச் செய்யும் ஓர் ஊழியர் என்று ஐந்து பேர் உட்கார்ந்தால் போதும். கடைசி ஆளை மட்டும் விட்டுவிடவே கூடாது. ‘பார்சலைப் பிரித்தால் உள்ளே வேறு மாடல் இருக்கும், வாரத்துக்கு ஒன்றாவது வரும்’ என்பதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று, நான்கு அம்புக்குறிகளுக்கு மேல் தாண்டாது. தாண்டினால் மேலோட்டமாகப் போயிருக்கிறீர்கள். எக்ஸாம்பிள் மேப்பிங் என்ற முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: மஞ்சள் அட்டையில் ஸ்டோரி (பயனர் பார்வையில் எழுதிய ஒரு சின்ன வேலை), நீலத்தில் விதிகள், பச்சையில் ஒவ்வொரு விதிக்கும் உதாரணங்கள், சிவப்பில் பதில் தெரியாத கேள்விகள். சிவப்பு குவிந்தால் அந்த ஸ்டோரி அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தயாராகவில்லை. நீலம் குவிந்தால் ஸ்டோரி பெரிது, விதிவாரியாக உடைக்கலாம்.

இந்தக் கூட்டங்களிலிருந்து வெளிவர வேண்டியது ஒரே ஒரு தாள்: நிலை அட்டவணை. டிசைனையும் கோட் எழுதும் வேலையையும் இணைக்க இதைவிட உருப்படியான ஆவணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரி. நெடுவரிசைகளில் நிலையின் பெயர், எந்த நிகழ்வால் அங்கே வரும், யாருக்கு அதை மாற்ற அனுமதி, வாடிக்கையாளர் பார்க்கும் வாசகம், ஊழியர் திரையில் தெரிவது, கால வரம்பு, வரம்பு தாண்டினால் நடப்பது. டேட்டாபேஸ், ஏபிஐ, மெசேஜ் டெம்ப்ளேட், ஊழியர் கையேடு நான்கும் இந்த ஒரே தாளிலிருந்து எழுதப்பட வேண்டும். ஆளுக்கொரு தாள் வைத்துக்கொண்டால், மெசேஜில் ‘உங்கள் ஆர்டர் தயார்’ என்று போயிருக்கும்போது ஊழியர் திரை ‘உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறது’ என்று காட்டும்.

அட்டவணை போடும்போது அடிக்கடி நடக்கும் தவறு, எல்லாவற்றையும் ஒரே ஸ்டேட்டஸ் நெடுவரிசையில் திணிப்பது. பழுது வேலையின் நிலை வேறு, பணத்தின் நிலை வேறு, பார்சல் இருக்கும் இடம் வேறு. சேர்த்துவிட்டால் ‘வேலை முடிந்தது, பணம் பாதி, பார்சல் கிளம்பவில்லை’ போன்ற கலவைகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டிவரும், அது முடிவில்லாத வேலை. மூன்றையும் தனியாக வைத்து, ஒன்று நகர இன்னொன்று எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் எழுதுங்கள். அதேபோல, உள்ளே 11 நிலைகள் இருந்தாலும் வாடிக்கையாளருக்கு 5 போதும். எது எதற்குள் அடங்கும் என்ற பொருத்தமும் இதே தாளில் இருக்கட்டும். அந்த 5 வாசகங்களை எழுதுவது டிசைனரின் வேலை, டெவலப்பரிடம் தள்ளாதீர்கள்.

அடுத்து, எதை முதலில் கட்டுவது. பல அணிகள் வரிசை வரிசையாகக் கட்டுகின்றன. முதல் மூன்று ஸ்பிரிண்ட் வாடிக்கையாளர் திரைகள், அடுத்த இரண்டு ஊழியர் திரைகள், கடைசியில் இணைப்புகள். அம்புக்குறிகளில் பாதிக்கு மேல் வரிசைகளைக் குறுக்கே கடப்பவை. அவற்றைக் கடைசிக்குத் தள்ளுவது ஆபத்து முழுவதையும் கடைசிக்குத் தள்ளுவதாகும். மேலிருந்து கீழாக வெட்டுங்கள். முதல் துண்டு மெலிதாக இருக்கட்டும், ஆனால் முன்பதிவிலிருந்து திரும்ப ஒப்படைப்பது வரை முழுப் பாதையையும் கடக்கட்டும். மென்பொருள் உருவாக்க முறைகள் பற்றி எழுதிய அலிஸ்டர் காக்பர்ன் இதை நடக்கும் எலும்புக்கூடு என்பார். நம் உதாரணத்தில் ஒரே ஒரு பிராண்டு, ஒரே ஒரு பகுதி, ஒரே ஒரு பணம் செலுத்தும் வழி. அந்தத் துண்டின் ஸ்டோரிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

- வாடிக்கையாளர் நாளும் முகவரியும் கொடுத்துப் பதிவு செய்கிறார், ஒரு எண் பெறுகிறார்.
- ஒருங்கிணைப்பாளர் அன்றைய பதிவுகளைப் பட்டியலாகப் பார்க்கிறார், கூரியரை அவரே போனில் அழைக்கிறார்.
- பொருள் வந்து சேர்ந்ததை டெக்னீஷியன் பதிகிறார், எஸ்டிமேட் அனுப்புகிறார்.
- வாடிக்கையாளர் முழுமையாகச் சம்மதிக்கிறார் அல்லது மறுக்கிறார். பாதிச் சம்மதத்துக்கு ‘எங்களை அழையுங்கள்’ என்ற வாசகம் மட்டும்.
- காலாவதியானவை தினமும் காலை ஒருங்கிணைப்பாளருக்குப் பட்டியலாக வருகின்றன.
- பணம் வந்தது உறுதியானதும் பொருள் அனுப்பப்பட்டதாகப் பதிவாகிறது.

பின்னால் நடப்பதில் பாதி கையால் நடக்கிறது, கவனித்திருப்பீர்கள். அது தவறே இல்லை. அந்தக் கைவேலையையும் வடிவமைக்க வேண்டும், அவ்வளவுதான். யார் எத்தனை மணிக்குப் பட்டியலைப் பார்ப்பார், அவர் விடுப்பில் போனால் யார், ஒரு நாளைக்கு எத்தனை வரை தாங்கும் என்று எழுதிவையுங்கள். ‘நாளொன்றுக்கு 30-ஐத் தாண்டினால் கூரியர் இணைப்பை எடுக்கிறோம்’ என்பது போல ஒரு வரம்பு இல்லாவிட்டால், தற்காலிகம் என்று தொடங்கிய எக்செல் ஷீட்டே நிரந்தர சிஸ்டமாகிவிடும்.

எல்லாவற்றையும் மெலிதாக வெட்ட முடியாது. பின்னால் மாற்றினால் கைசுடும் விஷயங்கள் சில உண்டு, அவற்றை முதல் துண்டிலேயே ஒழுங்காகச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு நிலை மாற்றமும் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்ற விவரத்தோடு அழிக்க முடியாத பதிவாகச் சேரவேண்டும். எஸ்டிமேட்டுக்குப் பதிப்பு எண் வேண்டும், சம்மதம் அந்தப் பதிப்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொகையை தசமப் புள்ளி ஃப்ளோட்டாக வைக்காமல் ஆகச்சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள். நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மாற்றுங்கள். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி, தனிப்பட்ட தகவலை எத்தனை நாள் வைத்திருப்பது, இவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

ஸ்டோரி எழுதும் விதம் பற்றி ஒரு வார்த்தை. ‘எஸ்டிமேட் ஸ்கிரீன் உருவாக்கவும்’ என்பது ஸ்டோரி ஆகாது, அதை எப்போது முடிந்ததாகச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. அம்புக்குறியின் விதி ஒன்றை எடுத்து எழுதினால் சோதிக்கவும் முடியும்:

‘எஸ்டிமேட்டின் 2-ஆம் பதிப்பு அனுப்பப்பட்டிருக்கிறது என்ற நிலையில், வாடிக்கையாளர் 1-ஆம் பதிப்பின் இணைப்பைத் திறந்து சம்மதம் கொடுத்தால், சம்மதம் பதிவாகக் கூடாது. தொகை மாறியிருப்பதைச் சொல்லி 2-ஆம் பதிப்பைக் காட்ட வேண்டும். டெக்னீஷியனுக்கு எந்த அறிவிப்பும் போகக் கூடாது.’

கடைசி வரியைப் பாருங்கள். என்ன நடக்கக் கூடாது என்பதையும் எழுதுவது டெஸ்டருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மென்பொருள் அல்லாத வேலைகளும் இதே பேக்லாக்கில் இருக்க வேண்டும். மெசேஜ் வாசகம், பார்சலில் ஒட்டும் லேபிள், கஸ்டமர் கேர் சொல்லவேண்டிய பதில், ஊழியர் பயிற்சி எல்லாமே புளூபிரிண்ட்டின் பெட்டிகள்தானே. இவற்றைத் தனி எக்செலில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், ஃபீச்சர் ரிலீஸ் ஆன அன்று போன் எடுக்கும் ஊழியருக்கு அப்படி ஒரு பொத்தான் வந்திருப்பதே தெரியாது. ‘முடிந்தது’ என்பதன் வரையறையில் ‘ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வெளி சிஸ்டங்கள் புளூபிரிண்ட்டின் அடிவரிசையில் ஒரு சின்னப் பெட்டியாக அடங்கி உட்கார்ந்திருக்கும். பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணத்தை வாங்கித்தரும் சேவை) என்று இரண்டே சொல், உள்ளே ஒரு ஸ்பிரிண்ட் வேலை. பணம் கட்டியதும் பிரவுசர் உங்கள் தளத்துக்குத் திரும்புவதைப் பணம் வந்ததற்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். பயனர் நடுவில் டேபை மூடிவிடுவார், திரும்பும் முகவரியை யாரும் கையால் தட்டச்சு செய்யவும் முடியும். கேட்வே நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் தானியங்கி அறிவிப்பான வெப்ஹுக்கை நம்புங்கள், அதுவும் அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு. அதே வெப்ஹுக் இரண்டு முறை வரலாம், தாமதமாக வரலாம், வரிசை மாறி வரலாம். பரிவர்த்தனை எண்ணை வைத்து இரண்டாவதைப் புறக்கணியுங்கள். வெப்ஹுக் வராமலே போனவற்றைப் பிடிக்க, கேட்வே பட்டியலையும் உங்கள் பட்டியலையும் தினமும் தானாக ஒப்பிடும் ஒரு ஜாப் வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள முதல் ஸ்பிரிண்ட்டிலேயே இரண்டு நாள் ஸ்பைக் (சிறு சோதனை வேலை) ஒன்று போடுங்கள். நிஜக் கணக்குக்கான ஒப்புதல் ஆவண வேலை கோட் எழுதுவதைவிட அதிக நாள் இழுக்கும், அதை முதல் நாளே தொடங்குங்கள்.

டிசைனர்கள் எத்தனை ஸ்பிரிண்ட் முன்னால் ஓடவேண்டும் என்பது எப்போதும் வரும் கேள்வி. ஒன்று போதும், சிக்கலான இடங்களில் இரண்டு. அதற்கு மேல் போனால், ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால் முறையைத்தான் சின்னதாக ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். முடிந்த டிசைன் மூன்று ஸ்பிரிண்ட் அலமாரியில் காத்திருக்கும், அதற்குள் கூரியர் ஏபிஐ-யில் அந்த வசதியே இல்லை என்று தெரிந்திருக்கும். முன்னால் ஓடும் டிசைனரும் தன் நேரத்தில் கணிசமான பகுதியை நடப்பு ஸ்பிரிண்ட்டுக்கு ஒதுக்க வேண்டும். வரப்போகும் ஸ்டோரிகளைத் தெளிவாக்கி உடைக்கும் ரிஃபைன்மென்ட் வேலையைப் பொறுத்தவரை, ஸ்பிரிண்ட் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடின் 2017 பதிப்பு அணியின் நேரத்தில் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் போகாது என்றது, 2020 பதிப்பில் அந்த எண்ணே இல்லை. நீக்கியது நல்லதுதான். இந்த மாதிரி வேலையில் முதல் சில ஸ்பிரிண்ட்டுகளில் அது தாண்டித்தான் போகும், பயப்பட வேண்டாம்.

அணி பெரிதாகி இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தால், வரிசைப்படி பிரிக்காதீர்கள். வாடிக்கையாளர் திரை அணி, ஊழியர் திரை அணி என்று பிரித்தால் அம்புக்குறிகள் எல்லாம் அணிகளுக்கு நடுவே விழுந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் போட வேண்டிவரும். ஓர் அமைப்பில் இருப்பவர்கள் பேசிக்கொள்ளும் விதம் எப்படியோ, அவர்கள் கட்டும் சிஸ்டமும் அப்படியே அமையும் என்று கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதிவிட்டார். பதிவும் எடுத்துவருதலும் ஓர் அணி, எஸ்டிமேட்டும் பழுதுபார்ப்பும் ஓர் அணி என்று பயணக் கட்டப்படி பிரித்தால் குறுக்கே போகும் அம்புக்குறிகள் குறையும்.

ரிலீஸுக்கு முன்னால், நிஜ ஊழியர்களோடு ஒரு முழு ஒத்திகை நடத்துங்கள். ஐந்து கதைகளை எடுத்தால் போதும்: சரியாக முடிவது, மறுப்பு, பதிலே இல்லாதது, பார்சலில் வேறு பொருள் வந்தது, பணம் போய்விட்டது ஆனால் பதிவாகவில்லை. ஒவ்வொன்றையும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டி, கடைசி ஆள் வரை வேலை போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபீச்சர் ஃப்ளாகை (ஒரு வசதியைச் சிலருக்கு மட்டும் திறக்க உதவும் சுவிட்ச்) வைத்து ஒரு சிறு பகுதிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அளவிடவும் அம்புக்குறிகளையே எடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் வேலை எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த நிலையில் இருப்பவர்கள் கஸ்டமர் கேருக்கு அதிகம் போன் செய்கிறார்கள். முதல் துண்டில் போட்ட நிலை மாற்றப் பதிவு இருந்தால் முதல் கேள்விக்கு டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு எஸ்க்யூஎல் கேள்வியே பதில். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், மிக மெதுவான பத்து சதவீதம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கும்.

புளூபிரிண்ட்டை டிக்கெட் கருவியில் ஏற்ற வேண்டுமா என்றால், தேவையில்லை. ஒவ்வொரு டிக்கெட்டிலும் அது எந்த அம்புக்குறியைத் தொடுகிறது என்ற எண்ணை லேபிளாகப் போடுங்கள். ஒரு ஸ்டோரி அம்புக்குறியின் விதியை மாற்றினால், நிலை அட்டவணையையும் புளூபிரிண்ட்டையும் திருத்தினால்தான் அந்த டிக்கெட் மூடப்படும் என்று வையுங்கள். ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் 10 நிமிடம் ஒதுக்கி, ஒரு டிக்கெட்டில்கூட வராத எண்கள் எவை என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ரத்து, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, பொருளைத் திருப்பி அனுப்புவது ஆகியவைதான் மிஞ்சியிருக்கும். அடுத்த ஸ்பிரிண்ட்டில் அவற்றில் ஒன்றையாவது எடுங்கள்.